நான் ராணுவ வீரனான மாலை

அன்பு வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், மூட்டு மட்டும் மாடிப்படியில் கொஞ்சம் முணுமுணுக்க, மற்றபடி நல்ல சுகத்தோடு இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எங்களைவிட ஒரு படி மேலான சுகத்தோடு இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். நீ அனுப்பிய போட்டோக்கள் வந்தன, குழந்தைக்குக் கீழே இரண்டு பல் எட்டிப் பார்ப்பது தெரிகிறது, உன்னைப் போலவே கடிக்கும், விரலைக் கொடுக்காதே. போன வாரம் போனில் பேசும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருமினாய், எங்களுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே, டாக்டரிடம் போய்விட்டு வந்து அவர் என்ன சொன்னார் என்று எழுது. இங்கே போன மழைக்கு மாடி அறை ஒழுகியது, இரண்டு வாளி வைத்திருந்தோம், உன் அம்மா தானே கூரையில் ஏறி ஓட்டைப் பார்க்கிறேன் என்றாள், நான் ஏணியை ஒளித்து வைத்திருந்தேன். உன் தம்பி நாய் வளர்க்க ஆரம்பித்திருக்கிறான், அது இதுவரை மூன்று ஜோடிச் செருப்பைத் தின்றிருக்கிறது, மூன்றிலும் இடது கால் மட்டும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி குறுக்கே வருவாள். முப்பத்து நாலு வருஷம் அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் எழுதியதையெல்லாம் புரூப் பார்த்துப் பிழை திருத்தினவன் நான், ஆனால் வீட்டில் நான் பேசுவதற்கு அவள்தான் புரூப் பார்க்கிறாள். அதனால் அவள் அடுத்த தெருவுக்கு யாருடைய வண்டியையோ ரிப்பேர் பார்க்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். யாரோ எடுத்த ஒரு வீடியோவை உன் தம்பி உனக்கு அனுப்பியிருப்பதாகக் கேள்வி. அதில் நான் கையில் மைக்கும் சட்டையில் ஒரு நீல ரிப்பனுமாக நிற்பது மட்டும்தான் இருக்கும். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் அதில் இல்லை. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாய் என்றால் போகட்டும், இப்போது இதைப் படி.

பூங்காவில் வருஷா வருஷம் பேண்டு வாத்தியக் கச்சேரி நடக்குமே, இந்த வருஷம் அதை முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை செய்கிற தேசபக்திக் கச்சேரியாக நடத்துவது என்று விழாக் குழுவில் முடிவு செய்தார்கள். குழுவின் செயலாளர் நம் பல் டாக்டர். எட்டு வயதில் நீ கடித்து வைத்தாயே, அதே விரல்காரர், இன்னமும் என்னைப் பார்த்தால் அந்த விரலைத்தான் முதலில் நீட்டுகிறார். நம் வீட்டில் ஒரு முன்னாள் ராணுவம் இருக்கிறது என்று, அது யார் என்பதைச் சொல்லாமல், எவரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை படிவத்தோடு வந்துவிட்டார். உன் அம்மா அப்போது எதிர்வீட்டுக்காரர் காருக்கு அடியில் இருந்தாள், வெளியே இரண்டு பாதம் மட்டும்தான் தெரிந்தது. டாக்டர் குனிந்து அந்தப் பாதங்களிடம் விஷயத்தைச் சொன்னார். உள்ளேயிருந்து, அதெல்லாம் எதுக்கு டாக்டர், எப்பவோ முடிஞ்ச கதை என்று பதில் வந்தது. டாக்டர் விடவில்லை. சரி, அவர்கிட்ட குடுங்க, எங்க வீட்டுல எழுத்து வேலையெல்லாம் அவர்தான், எனக்குக் கையெல்லாம் ஆயில் என்றாள். படிவம் என் கைக்கு வந்தது. படிவம் என்றால் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். கறுப்பு மையை எடுத்து, அளவுகோலை அடியில் வைத்து, அவளுடைய பழைய பணிச் சான்றிதழைப் பார்த்துப் பிரிவு, வருஷம், பதவி எல்லாம் நிரப்பி, மூன்று தடவை படித்துப் பார்த்து, பிழை ஒன்றும் இல்லை என்று திருப்தியாகக் கொடுத்தனுப்பினேன்.

உன் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பதினொரு வருஷம் ராணுவ மருத்துவப் பிரிவில் ஆம்புலன்ஸ் ஓட்டினவள் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அதற்கு மேல் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டால், ரோடு மோசம், வண்டி நல்ல வண்டி என்பாள், அவ்வளவுதான், பதினொரு வருஷமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அவள் வாங்கிய பதக்கம் ஸ்பேனர் பெட்டியில் கிடக்கிறது. நானும் பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேரப் போனவன்தான், சுவரில் மாட்டியிருந்த பலகையில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள், பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டேன், அங்கிருந்து நேராக அச்சகத்துக்குப் போய்விட்டேன். இதை உனக்குச் சொன்னதில்லை, இப்போது ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை.

கச்சேரி அன்று காலையில் அவள் ஒன்றும் நடக்காததுபோல இருந்தாள். பேண்டு கேட்டு நாளாச்சு, அதுக்காகத்தான் வர்றேன், வேற ஒண்ணுமில்ல என்றாள். நானும் சரி என்றேன். ஆனால் பின்பக்கம் பல் விளக்கப் போனபோது பார்த்தேன், பல்பொடி டப்பா குழாயடியில் திறந்து கிடக்கிறது, அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பதக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அப்புறம் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்தாள். கறுப்பு ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டாள். நான் எதையும் பார்க்காதவனாகத் திரும்பிப் போய்விட்டேன், பல் விளக்கக்கூட இல்லை. முப்பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒன்றுக்காக இப்படி ஆசையோடு கிளம்பி நான் பார்த்தது ரொம்பக் குறைவு, அதுவும் ஆசை இல்லை என்று சொல்லிக்கொண்டே.

சாயங்காலம் அவள்தான் காரை ஓட்டினாள், எப்போதும்போல நான் பக்கத்தில் உட்கார்ந்து சிவப்பு, பச்சை என்று சிக்னலைச் சொல்லிக்கொண்டு வந்தேன், அவளும் எப்போதும்போல, எனக்குக் கண்ணு தெரியும் என்றாள். என்னைப் பூங்கா வாசலில் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனாள். வண்டியை அவள் நிறுத்துவதற்கு நேரமாகும், பக்கத்து வண்டிக்காரன் கோணலாக நிறுத்தியிருந்தால் அவனையும் நேராக நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். வாசலில் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் பட்டியலோடு டாக்டருடைய கிளினிக் நர்ஸ். வாங்க வாங்க என்று எழுந்து வந்தாள், என் பெயரைச் சொன்னாள், ஊக்கு ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு, முன்னாள் படைவீரர் என்று பொன்னெழுத்துப் போட்ட நீல ரிப்பனை என் சட்டையில் குத்திவிட்டாள். நான் பதறிப்போய், தப்பும்மா, இது எனக்கில்ல, என் மனைவிக்கு, யாரு இப்படிப் பொறுப்பில்லாம எழுதினது, ஒரு படிவத்தைக்கூட ஒழுங்கா நிரப்பத் தெரியாதா என்று பெரிய மனுஷனாகக் கத்தினேன். அவள் அமைதியாகக் கோப்பைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினாள்.

வாயாடி, அது என் கையெழுத்து. கறுப்பு மை, நேர் வரி. பிரிவு சரி, வருஷம் சரி, பதவி சரி. மேலே முதல் வரியில், பெயர் என்ற இடத்தில், என் பெயர். கடைசி வரியில், உடன் வரும் குடும்பத்தினர் என்ற இடத்தில், மனைவி, ஒருவர். வீட்டு வரி, மின்சாரம், கேஸ், ரேஷன் கார்டு, டெலிபோன் என்று இத்தனை வருஷமாக எந்தப் படிவம் வந்தாலும் முதல் வரியில் என் பெயரை எழுதி எழுதி, கை தானாக எழுதிவிட்டிருக்கிறது. மூன்று தடவை படித்தேன் என்றேனே, மூன்று தடவையும் அந்த இடத்தில் என் பெயர் இருப்பது எனக்குத் தப்பாகவே படவில்லை. ஊரில் ஒருவன் விடாமல் எல்லாருடைய பிழையையும் பிடித்த கண் இது.

அதற்குள் உன் அம்மா வந்துவிட்டாள். என் சட்டையில் ரிப்பனைப் பார்த்தாள். இப்போது நான் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன், வாயிலிருந்து, இவங்க ஏதோ குழப்பிட்டாங்க போலிருக்கு என்று வந்தது. அந்த நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை, இனி பல் வலித்தால் வேறு டாக்டரைத்தான் தேட வேண்டும். உன் அம்மா ரிப்பனைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், விடுங்க, சத்தம் போடாதீங்க, எங்க உக்காந்தா என்ன, பாட்டு கேக்கத்தானே வந்தோம் என்றாள். சொல்லிவிட்டுக் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் குடும்பத்தினர் பகுதி என்று கயிறு கட்டியிருந்த இடத்துக்கு நடந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். அதற்குள் இரண்டு பேர் வந்து, ஐயா வாங்க, கால் வலிக்குதா, மெதுவா வாங்க என்று என்னைத் தாங்கிக்கொண்டு போய் மேடைக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் கொண்டுபோனார்கள், ஆனால் போலீஸ் கொண்டுபோவதும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

எனக்கு இடது பக்கம் ஒரு கர்னல், தொண்ணூறை நெருங்குகிறவர், கையில் தடி. வலது பக்கம் கடற்படையில் சமையல்காரராக இருந்தவர், இப்போது பேக்கரி வைத்திருக்கிறார். கர்னல் என் பக்கம் திரும்பி, எந்தப் பிரிவு என்றார். மருத்துவம், ஆம்புலன்ஸ் என்றேன். எத்தனை வருஷம் என்றார். பதினொண்ணு என்றேன். எல்லாம் உண்மைதான், ஆனால் யாருடைய உண்மை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடடா, அந்த மலை ரோட்டுல ஓட்டினவங்களா, என் ஆளுங்க நாப்பது பேரை நீங்கதான்யா கீழ இறக்கினீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். என்ன வண்டி ஓட்டினீங்க என்றார். பச்சை வண்டிங்க என்றேன். அவர் என் கையை விட்டுவிட்டார். ராணுவத்துல எல்லா வண்டியும் பச்சைதான்யா என்றார். பேக்கரிக்காரர் இந்தப் பக்கத்திலிருந்து, வயசாச்சுன்னா மறந்துபோயிடும் சார், பாவம் விடுங்க என்று எனக்காகப் பரிந்து பேசி, ஒரு பன்னையும் என் கையில் கொடுத்தார். அந்த பன்னை நான் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கச்சேரி நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்குப் பாதி காதில் ஏறவில்லை. காற்று பலமாக அடித்தது, வாத்தியக்காரர்கள் இசைத்தாளைத் துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்து வைத்திருந்தார்கள், பெரிய டிரம் அடிக்கிறவர் ஒவ்வொரு அடிக்கும் தன் தொப்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பிறகு பேண்டு மாஸ்டர் மைக்கில் ஒன்று சொன்னார். ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் அணிவகுப்பு மெட்டை வாசிப்போம், அந்தந்தப் பிரிவில் இருந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும் என்றார். முதலில் கடற்படை. பேக்கரிக்காரர் மடியிலிருந்த பன் உதிர எழுந்து நின்றார், கண்ணில் தண்ணீர். அடுத்து விமானப்படை, மூன்று பேர் எழுந்தார்கள், ஒருவரைச் சக்கர நாற்காலியோடு பேத்தி கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அடுத்து காலாட்படை, கர்னல் தடியைக் கீழே போட்டுவிட்டு நின்றார். நான் ஒவ்வொரு மெட்டுக்கும் நாற்காலிக்குள் இன்னும் கொஞ்சம் அமுங்கிக்கொண்டே போனேன். அடுத்தது மருத்துவப் பிரிவு.

மெட்டு தொடங்கியது. நான் எழவில்லை. அவ்வளவு யோக்கியதை எனக்கு இருந்தது, இல்லை, கால் வரவில்லை, இரண்டில் எது என்று எனக்கே தெரியாது. கர்னல் முழங்கையால் இடித்தார். டாக்டர் மேடை ஓரத்திலிருந்து, எழுந்திருங்க எழுந்திருங்க என்று இரண்டு கையாலும் காற்றைத் தூக்கினார். அப்போதுதான் பின்னாலிருந்து சத்தம் வந்தது. உக்காருங்கம்மா, மறைக்குது. திரும்பிப் பார்த்தேன். குடும்பத்தினர் பகுதியில், அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, உன் அம்மா ஒருத்தி மட்டும் எழுந்து நிற்கிறாள். நிற்க வேண்டும் என்று நினைத்து நின்றவள் மாதிரி இல்லை, மெட்டு காதில் விழுந்ததும் உடம்பு தானாக எழுந்துவிட்டிருக்கிறது, கை இரண்டும் பக்கவாட்டில், முகவாய் நிமிர்ந்து. அம்மா, உக்காருங்க, பின்னால தெரியல என்று மறுபடி யாரோ சொன்னார்கள். அவள் திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, மன்னிச்சுக்குங்க என்று சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, உதடு அசைந்தது, அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அதை நான் பார்த்துவிட்டேன். நல்ல வேளையாக அன்று புதுக் கண்ணாடி போட்டிருந்தேன், தெளிவாகவே பார்த்தேன். என் வாழ்க்கையில் எனக்கு என் மேல் அவ்வளவு கோபம் வந்ததில்லை. அடுத்த நொடி நான் எழுந்து நின்றுவிட்டேன், அது எப்படி என்று கேட்காதே. நான் எழுந்ததுதான் தாமதம், பூங்கா முழுக்கக் கைதட்டல். நான் இல்லை, நான் இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன். என்ன அடக்கம் பாருங்கள் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். தலையை ஆட்டினேன், விசில் அடித்தார்கள். ரிப்பனைப் பிடித்துப் பிய்க்கப் பார்த்தேன், நெஞ்சில் கை வைத்து வணங்குகிறார் என்று நினைத்து முன்வரிசையே எழுந்துவிட்டது. பேண்டு மாஸ்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை, எனக்காக மெட்டை முதலிலிருந்து மறுபடி வாசிக்க வைத்தார். நான் மறுக்க மறுக்க என் வீரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் டாக்டரே ஓடிவந்து, கூச்சப்படாதீங்க சார், ரெண்டு வார்த்தை என்று மைக்கை என் கையில் திணித்தார்.

அதன் பிறகு நடந்ததுதான் உன் தம்பி அனுப்பிய வீடியோ. என்ன பேசினேன் என்பது அதில் சரியாகக் கேட்காது, காற்று. நான் சொன்னது இதுதான். எல்லாரும் மன்னிக்கணும், நான் ராணுவத்துல ஒரு நாள்கூட இருந்ததில்ல, கண் பரிசோதனையிலேயே அனுப்பிட்டாங்க, அந்தப் படிவத்தை எழுதினது நான், குழு மேல ஒரு தப்பும் இல்ல, வாசல்ல இருந்த அந்த நர்ஸ் மேலயும் இல்ல, பதினொரு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினது என் மனைவி, பின்னால இருக்காங்க, இப்பதான் நாம எல்லாருமாச் சேர்ந்து அவங்களை உக்கார வெச்சோம். இதைச் சொல்லும்போது பேண்டு நின்றுவிட்டது. டிரம்காரர் மட்டும் நிறுத்த மறந்து இரண்டு அடி அடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இப்போது அவளைக் கூப்பிட வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். முப்பத்தொன்பது வருஷமாக நான் அவளை என்னவென்று கூப்பிட்டிருக்கிறேன், இந்தாம்மா, ஏம்மா, எங்க இருக்கே, அவ்வளவுதான். வாயில் பழக்கத்தில் அதுதான் வந்தது, இந்தாம்மா என்று பூங்கா முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது, ஏழெட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், உன் அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பெயரைச் சொல்லி ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை, நாக்கு அதற்குத் திரும்பவில்லை. அப்போது அந்தச் சான்றிதழின் மேல்மூலையில் இருந்த எண் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நிமிர்ந்து நின்று, ஓட்டுநர் நாலு ஏழு ஒண்ணு பூஜ்யம் மூணு என்றேன்.

ஆஜர் சார் என்று ஒரு குரல் வந்தது. வாயாடி, அந்தக் குரலை நீ கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. நம் வீட்டில் பால் பொங்கினால் கத்துகிற குரல் இல்லை அது. அவள் எழுந்து நின்றாள், பிறகு வந்தாள், நடந்து வந்தாள் என்று சொல்ல முடியாது, அணிவகுத்து வந்தாள், வழியில் காலை நீட்டி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றவர்களெல்லாம் காலை மடக்கிக்கொண்டார்கள். என் முன்னால் வந்து நின்று, மெதுவாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மானத்தை வாங்கிட்டீங்க என்றாள். ஆனால் கண் சிரித்தது. ரிப்பனை எடுக்கப் பார்த்தாள், அந்த நர்ஸ் சட்டையோடு பனியனையும் சேர்த்துக் குத்தியிருக்கிறாள், ஊக்கு வரவில்லை, ஊரே காத்திருக்கிறது, உன் அம்மா எதையும் இரண்டு தடவை முயற்சி செய்கிறவள் இல்லை, ஒரு இழு, ரிப்பன் வந்தது, சட்டைப் பையும் கூடவே வந்தது. அப்புறம் கைப்பையைத் திறந்து கைக்குட்டையைப் பிரித்துப் பதக்கத்தை எடுத்துத் தானே குத்திக்கொண்டாள். கர்னல் தடியில்லாமல் நின்றபடியே அவளுக்கு சல்யூட் அடித்தார். இவளும் அடித்தாள். உடனே அந்த மனுஷர், என்ன வண்டிம்மா ஓட்டினீங்க என்று கேட்டார், பார், விடவே இல்லை. அவள் வண்டியின் எடை, கியர், எந்த வளைவில் பிரேக் காலை வாரிவிடும் என்பது வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, இவரு பச்சைன்னு மட்டும்தான் சொன்னாரு என்றார்.

பேண்டு மாஸ்டர் மூன்றாவது தடவையாக அந்த மெட்டை எடுத்தார். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கிழிந்த சட்டை, மடியில் பெண்கள் கைப்பை, இதைவிட எனக்குப் பொருத்தமான இடம் இல்லை. பக்கத்தில் நம் தையற்கடைக்காரம்மா, உக்காருங்கம்மா என்று சத்தம் போட்டது அவர்தானாம், அழுதுகொண்டே, தெரியாமச் சொல்லிட்டேண்ணே என்றார். மறைச்சது உண்மைதானேம்மா என்றேன், வேறு என்ன சொல்வது. அவள் அங்கே முன்னால் அசையாமல் நின்றாள், மெட்டு முடிகிற வரைக்கும். நான் அழுதேன், கண்ணாடியைத் துடைப்பதுபோல அழுதேன், தையற்கடைக்காரம்மா கண்டுபிடித்துவிட்டு, என் சட்டையைத் தைத்துத் தருவதாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் சிக்னல் நிறத்தைச் சொல்லவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியதும் அவள், நம்பர் எப்படித் தெரியும் என்றாள். படிவம் எழுதும்போது பாத்தேன், எண்ணை ஒரு தடவை பாத்தா எனக்கு மறக்காது என்றேன். அப்போதே எனக்கு உறைத்தது, எண் மறக்காதவன் பெயரை எப்படி விட்டேன் என்றுதான் அவள் அடுத்துக் கேட்பாள். முந்திக்கொண்டு, வாசல்ல நான் பொய் சொன்னேன், அவங்க குழப்பல, எழுதினது நான்தான், அது உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கும் என்றேன். அவள் கண்ணாடியைப் பார்த்து வளைவு எடுத்தாள். எனக்கு ஒரு மாசமாத் தெரியும் என்றாள். குழுவிலிருந்து வந்த அழைப்பு அட்டையை நான்தான் உறையைப் பிரித்து பிரிஜ்ஜில் ஒட்டினேனாம். அதில் என் பெயரும், அதற்குக் கீழே மனைவியுடன் என்றும் இருந்ததாம். தினம் காலையில பால் எடுக்கும்போது நான் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க, ஒரு நாள் தேதிக்குக் கிழமை தப்பா இருக்குன்னு பென்சிலால அதைத் திருத்தக்கூட திருத்தினீங்க, சரி, இன்னிக்குப் பேரையும் பாப்பாருன்னு நெனைச்சேன் என்றாள். ஏம்மா சொல்லல என்றேன். சொல்லியிருந்தா மாத்தியிருப்பீங்க, அது தெரியும், சொல்லாமலே உங்களுக்குத் தெரியணும்னு இருந்துச்சு என்றாள். சொல்லிவிட்டு கியர் மாற்றினாள்.

திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். திட்டவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல டீ வந்தது, வழக்கம்போல ஏணியைக் கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கூரை இப்போது ஒழுகவில்லை.

நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையை ஈரத் தலையோடு வெளியே கொண்டுபோகாதே, மாப்பிள்ளையிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல், மனசு நிறைந்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் செய். இதற்கு நீ பதில் எழுதும்போது எனக்கு எழுதாதே, அம்மாவுக்கு எழுது, உறையின் மேல் அவள் பெயரைப் போடு. நேற்று அலமாரியைத் திறந்து நீ அங்கே போனதிலிருந்து எழுதிய உறைகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம், நாற்பத்தொரு உறை. உள்ளே பாதிக்கு மேல் அவளுக்கான சேதிதான். வெளியே ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை, எல்லாம் என் பெயர். அத்தனையையும் தபால்காரரிடம் கையெழுத்துப் போடாத குறையாக வாசலில் போய் வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தவள் அவள்.

உங்கள் மூவரையும் தினமும் நினைத்துக்கொண்டிருக்கும்
அப்பா